மலேசியாவா, தாய்லாந்தா: எந்த முடியாட்சி தாங்கும்?

அரசர் வேண்டுமா வேண்டாமா என்று கேட்பதைவிட, எந்த மாதிரி அரசர் என்று கேட்டால்தான் பேச்சு உருப்படியாகப் போகும். மலேசியாவும் தாய்லாந்தும் பக்கத்துப் பக்கத்து நாடுகள், இரண்டிலும் அரசர் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர் என்றுதான் பெயர். ஆனால் நடைமுறை வேறு வேறு, என் கணக்கில் இரண்டின் ஆயுளும் வேறு.

மலேசியாவில் ஒன்பது மாநில அரசர்கள் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவர் ஐந்து ஆண்டுக்கு மாமன்னராக இருப்பார், அப்புறம் அடுத்தவர் முறை. 1957-லிருந்து இப்படித்தான். ஒருவர் மக்கள் மனதில் ஒட்டாவிட்டாலும் முறை முடிந்ததும் சொந்த மாநிலத்துக்குப் போய்விடுவார், அந்தக் கசப்பு அரியணை மேல் தங்காது. 1993-ல் அரசர்களுக்கு இருந்த சட்ட விலக்கையும் எடுத்துவிட்டார்கள், குற்றம் செய்தால் தனி நீதிமன்றத்தில் வழக்கு உண்டு.

2022 நவம்பரில் தேர்தல் முடிந்து ஐந்து நாள் யார் பிரதமர் என்றே தெரியவில்லை. ஆட்சி அமைக்க 112 இடம் வேண்டும், அன்வாரின் பக்காத்தான் கூட்டணியிடம் 82, முகைதீனின் பெரிக்காத்தான் கூட்டணியிடம் 73. மாமன்னர் இரு தலைவர்களையும் அழைத்து, சேர்ந்து ஆளுங்கள் என்றார். முகைதீன் மறுத்தார். மற்ற ஆட்சியாளர்களோடு கலந்து பேசிவிட்டு 24-ஆம் தேதி அன்வாரை நியமித்தார், டிசம்பரில் நாடாளுமன்றம் நம்பிக்கை வாக்களித்தது. முறையான வரிசை இதுதான். 2020-ல் எம்.பி.க்கள் அணி மாறி ஆட்சி கவிழ்ந்தபோது அப்படி நடக்கவில்லை: எம்.பி.க்களை அரண்மனைக்குக் கூப்பிட்டு ஒவ்வொருவராகக் கேட்டு முகைதீனை நியமித்தார்கள், மே 18-ல் நாடாளுமன்றம் கூடியபோது மாமன்னர் உரையோடு கூட்டம் முடிந்தது, வாக்கெடுப்பே இல்லை. அது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

சரி, தாய்லாந்து. அங்கே 112 என்றால் அவதூறுச் சட்டப்பிரிவு. மன்னரைப் பழித்ததாக யார் வேண்டுமானாலும் யார் மீதும் புகார் கொடுக்கலாம், ஒரு குற்றச்சாட்டுக்கு 3 முதல் 15 ஆண்டு வரை சிறை. நான்கு பதிவு போட்டால் நான்கு குற்றச்சாட்டு, ஆண்டுகள் கூடிக்கொண்டே போகும். இந்தப் பிரிவைத் திருத்துவோம் என்று சொன்ன மூவ் ஃபார்வர்ட் கட்சி 2023 தேர்தலில் 151 இடம் பிடித்து முதலிடம் வந்தது. ராணுவ ஆட்சி நியமித்த செனட் அதன் தலைவரைப் பிரதமராக விடவில்லை, 2024 ஆகஸ்டில் அரசியல் சட்ட நீதிமன்றம் கட்சியையே கலைத்தது. அவர்கள் அரசரை ஒழிக்கச் சொல்லவில்லை, சட்டத்தைத் திருத்தத்தான் சொன்னார்கள். அதற்கே வழியில்லை என்றால் அந்த இளைஞர்கள் அடுத்து எதைக் கேட்பார்கள்? தன்னைக் காக்கப் போட்ட வேலியே அங்கே அரியணையை மக்களிடமிருந்து பிரிக்கிறது.

மலேசியாவிலும் வாயைத் திறக்க முழு உரிமை இருக்கிறது என்று சொல்லமாட்டேன். 1948-ன் தேச நிந்தனைச் சட்டம் இன்னும் இருக்கிறது, அரசர்களைப் பற்றி எழுதினால் போலீஸ் கூப்பிடும். ஆனாலும் அங்கே அரசரின் அதிகாரத்துக்கு எல்லை போட நாடாளுமன்றத்தால் முடிந்திருக்கிறது. எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு நேபாளம் இருக்கிறது: அங்கே மன்னர் ஞானேந்திரா 2005-ல் ஆட்சியைத் தன் கையில் எடுத்தார், 2008 மே மாதம் முடியாட்சியே போய்விட்டது.

அதனால் இரண்டில் மலேசிய முறைதான் தாங்கும் என்பேன், ஒரு திருத்தத்தோடு. 2022 அக்டோபரிலிருந்து கட்சித் தாவலுக்குத் தடைச் சட்டம் இருக்கிறது, பாதி வேலை அதோடு முடிந்தது. மிச்சம் ஒன்றுதான்: மாமன்னர் யாரை நியமித்தாலும் இத்தனை நாளுக்குள் நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு நடந்தாக வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதிவிட வேண்டும்.