கொமிஷன் கடையில் பேஸ் கிற்றாரை விட்டுவிட்டு வருகிறவர்களுக்கு: 240,000 ரூபா போன விதம்

பழைய பேஸ் கிற்றார் வைத்திருக்கிறவர்கள், விற்க நினைக்கிறவர்கள், இதை வாசித்துவிட்டுக் கடைப்படி ஏறுங்கள். போனது 240,000 ரூபா. நேற்றுப் பின்னேரம்தான் தெரியவந்தது, எழுத்தில் சூடு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடை மட்டக்களப்பு நகரத்துக்குள்தான். கருவி விற்பார்கள், திருத்துவார்கள், கொமிஷனுக்கும் வைப்பார்கள். பெயர் போடவில்லை. இந்த மாதிரிக் கடை எந்த ஊரிலும் ஒன்று இருக்கும்.

கருவி 1977 ஃபெண்டர் பிரசிஷன் பேஸ். தலையில் எஸ்7 என்று தொடங்கும் இலக்கம். உள்ளே வொலியூம், டோன் குமிழ்களின் அடியில் இருக்கிற பொட் இரண்டும் தொழிற்சாலையில் போட்டவை. அவற்றின் முதுகில் 1377633 என்று குத்தியிருந்தது. 137 என்றால் பொட் செய்த சி.டி.எஸ். கம்பனி, 76 ஆண்டு, 33 அந்த ஆண்டின் 33ஆவது வாரம். பழைய கருவிக்கு இதுதான் பிறப்புச் சான்றிதழ். பெயின்ட் அங்கங்கே கழன்றிருந்தாலும் பாகமெல்லாம் பிறந்தபடி இருந்தால் விலை நிற்கும், தந்தியின் சத்தத்தைப் பிடிக்கிற பிக்அப் மாறினால் சரியும். உள்ளே எடுத்த படங்களைப் பார்த்துக் கொழும்பில் ஒருவர் 780,000 ரூபாவுக்குப் பேசி முடித்திருந்தார்.

கொடுக்க முதல் ஒருக்கா செற்றப் செய்வோம், அதாவது வாசிக்கிற பதத்துக்குச் சரிபார்ப்போம் என்று நினைத்ததுதான் பிழை. தந்தியை முதலாம் பிரெட்டிலும் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) கடைசிப் பிரெட்டிலும் அழுத்திப் பிடித்தால், ஏழாம் எட்டாம் பிரெட்டுக்கு மேலே 0.3 மில்லிமீற்றர் அளவில் இடைவெளி நிற்க வேண்டும், விசிட்டிங் கார்ட் ஒன்று நுழைகிற அளவு. இதில் ஒரு மில்லிமீற்றருக்குக் கிட்ட நின்றது. ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல், மாரி முடியும்போது இந்த ஊரில் நெக், அதாவது கழுத்து, வளையத்தான் செய்யும். பெரிய வேலையும் இல்லை. ஆனால் இந்த மொடலில் நெக்கை நிமிர்த்துகிற உள்கம்பியான ட்ரஸ் ரொட்டின் நட் தலையில் இல்லை, உடம்போடு சேர்கிற அடிப்பக்கத்தில் இருக்கிறது. பின்தகட்டின் நாலு ஸ்க்ரூவைக் கழற்றி, நெக்கை எடுத்து, கால் சுற்றுத் திருகி, திரும்பப் பூட்ட வேண்டும். கழற்றுவதற்கு ஒரு நியாயமான காரணத்தைக் கடைக்காரருக்கு நாங்களே எடுத்துக் கொடுத்த மாதிரி.

மனிதர் கிற்றாரை மடியில் வைத்து, துணியால் துடைத்து, நெக்கை மணந்தும் பார்த்தார். "அண்ணன், இதெல்லாம் இப்ப எங்க கிடைக்கிது? என்ட சொந்தப் பொருள் மாதிரிப் பாப்பன். நீங்க நிண்டு மினக்கெட வேணாம்." அந்த ஒரு பேச்சில் விழுந்தாச்சு. பற்றுச்சீட்டில் எழுதியது இவ்வளவுதான்: பேஸ் கிற்றார் 1, செற்றப். மூன்று நாளில் தருவேன் என்றது பத்தொன்பது நாளானது.

நேற்று கொழும்புக்காரர் உதயதேவி ரயிலில் வந்து இறங்கினார். விஷயம் தெரிந்தவர், அம்பில் (சத்தம் கூட்டுகிற அம்ப்ளிஃபயரில்) கொழுவவே இல்லை, முதலில் ஸ்க்ரூட்ரைவரைத்தான் எடுத்தார். முன்பக்கத்தை மூடுகிற பிக்கார்ட் தகட்டில் பதின்மூன்று ஸ்க்ரூ. பதினொன்று கடல் காற்றுப் பட்டுக் கறுத்தது. இரண்டு புத்தம் புதிது, பளபள. அந்த இடத்திலேயே வயிறு கலங்கியது.

பிக்கார்டைத் தூக்கினால் பொட் இரண்டும் விரல் நுனி அளவு சின்னச் சாமான், 137ஐக் காணோம். வயரை ஒட்டிய சோல்டர் ஈயம் புதிது, கண்ணாடி மாதிரி மினுங்குகிறது. இரண்டு துண்டாக இருக்கிற பிக்அப்பைத் திருப்பினார். இதைக் கவனமாக வாசியுங்கள்: அந்தக் காலத்துப் பிக்அப்பில் தந்திக்கு இரண்டு வீதம் மேலே தெரிகிற உருளைகளே காந்தம், அடித்தட்டு சாம்பல் நிறம், அதில் மை முத்திரை. கையில் இருந்ததிலோ அடியில் சொக்லேட் துண்டு போல ஒரு கறுத்த பட்டைக் காந்தம் ஒட்டியிருந்தது. மேலே தெரிந்த உருளைகள் வெறும் இரும்பு. கீழே வைத்திருந்த பழைய நுரைப்பஞ்சு தொட்டால் பொடியாகிற நிலையில் இருந்தது, அதற்குப் பதில் புதுப் பஞ்சு. மீற்றரை வைத்து மின்தடை பார்த்தால் 10 கிலோ ஓம். பழையதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் காட்டும், ஆகவே மீற்றரைக் காட்டி யாரும் சமாதானம் சொன்னால் நம்பாதீர்கள், திருப்பிப் பார்க்க வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால் நெக்கை அருமையாக நிமிர்த்தியிருக்கிறார்கள்.

"உங்களப் பிழை சொல்லல்ல அண்ணன். ஆனா 540,000க்கு மேல எனக்கு ஏலா" என்றார் வந்தவர். அவர் சொன்னது நியாயம்தான். 780,000இல் 540,000ஐக் கழித்துப் பாருங்கள். 240,000 ரூபா, தீப்பெட்டி அளவு பிக்அப் துண்டு இரண்டுக்கும் இரண்டு பொட்டுக்கும்.

கடைக்குப் போன் எடுத்தால் முதல் பதில், "உங்கட அம்புல பிழை அண்ணன்." அம்பில் கொழுவவே இல்லை என்றதும், "கடல் காத்துக்கு உள்ளுக்க எல்லாம் உக்கிப் போயிரிக்கும்." உப்புக் காற்று ஸ்க்ரூவைக் கறுக்க வைக்கும், பிக்அப்பை மாற்றிப் பூட்டுமா? பிறகு, வேலை செய்த பொடியன் ஊருக்குப் போய்விட்டானாம், எந்த ஊர் என்று தெரியாதாம். பழைய படங்களை வட்ஸ்அப்பில் அனுப்பினால் நீல ரிக் இரண்டு விழுந்தது, பதில் இல்லை. இன்று காலை நேரில் போனபோது அண்ணன் காணாமல் போய் 'ஐயா' வந்துவிட்டது: "ஐயா, துண்டுல பேஸ் கிற்றார் ஒண்டு எண்டுதானே இரிக்கி? ஒண்டு தந்துட்டம்தானே?"

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் எடுத்துச் சொல்லியாச்சு (கிற்றாரின் ஆண்டும் அதே 1977, சிரிப்பும் வருகிறது அழுகையும் வருகிறது). பொலிஸிலும் முறைப்பாடு. இரண்டுக்கும் கையில் இருப்பது அந்த ஒற்றை வரித் துண்டுதான்.

என்ன செய்ய வேண்டும் என்று விபரமாக எழுதத்தான் தொடங்கினேன், இப்போது பொறுமை இல்லை. அவசரத்துக்கு இவ்வளவு: பொட் இலக்கம், பிக்அப்பின் அடிப்பக்கம், நெக்கின் அடியில் உள்ள திகதி முத்திரை எல்லாவற்றையும் கொடுக்க முதல் படம் எடுங்கள். அந்த இலக்கங்களைப் பற்றுச்சீட்டில் எழுதி ஒப்பம் வாங்குங்கள், மறுத்தால் கிற்றாரோடு திரும்பி வாருங்கள். பிக்கார்ட் ஸ்க்ரூ இரண்டின் தலையில் நகப்பூச்சு ஒரு சொட்டு வைத்தால் திறந்தது தெரிந்துவிடும். செற்றப் என்றால் பக்கத்தில் நில்லுங்கள், மினக்கெட்டாலும் பரவாயில்லை. திரும்ப வாங்கும்போது கடைக்குள்ளேயே திறந்து பாருங்கள்.

மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் யாருக்காவது பழைய பிரசிஷன் பிக்அப் விலைக்கு வந்தால்: சாம்பல் அடித்தட்டு, மெல்லிய தந்திப் பக்கத்து மூடியின் மூலையில் அரிசி அளவு உடைவு. கூடவே 1377633 பொட் இரண்டும் வரலாம். வாங்க முதல் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.