டிவி கேமைப் புது டிவியில் மாட்டப் போகிறீர்களா? 4,800 ரூபாய் இழந்தவன் எழுதுகிறேன்

நேற்று ராத்திரி, எனக்கு டிவி கேம் பெட்டி விற்ற ஆள் என் நம்பரை பிளாக் செய்துவிட்டான். போனது 4,800 ரூபாய்.

தொண்ணூறுகளில் வாங்கிய டிவி கேம் எங்கள் வீட்டில் இன்னும் ஓடுகிறது. கேசட்டைச் செருகினால் மரியோ, கான்ட்ரா எல்லாம் வரும். ஆனால் பிக்சர் டியூப் டிவி போய்விட்டது. புது எல்இடி டிவியில் மஞ்சள், வெள்ளைப் பின்னுக்கு இடமே இல்லை, எச்டிஎம்ஐ மட்டும்தான். பழைய சாமான் வாங்கி விற்கும் ஒரு செயலியில் தேடினேன். "பழைய கேமுக்கென்றே செய்த லைன் டபுளர்" என்று ஒருவன் போட்டிருந்தான், அதாவது பழைய கேமின் படத்தைப் புது டிவிக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி.

போன் போட்டேன். "ஏனுங்ணா, நானும் பெருந்துறைப் பக்கந்தானுங்க. நம்ம ஊர்க்காரங்கள ஏமாத்திப்போட்டு எங்கீங்க போறது?" என்றான். நான் கோபிக்காரன். அந்தப் பேச்சைக் கேட்டதும் மனசு இளகிவிட்டது. கண்ணாடி மாதிரி படம் ஓடும் வீடியோ ஒன்றும் அனுப்பினான். இப்போது மறுபடி பார்க்கிறேன், அதில் டிவி மட்டும்தான் தெரிகிறது; பெட்டியும் இல்லை, ஒயரும் இல்லை. முகவரிகூடக் கேட்காமல் 4,800 ரூபாயையும் ஒரே தடவையில் யூபிஐயில் போட்டேன்.

வந்தது உள்ளங்கை அகலக் கறுப்புப் பெட்டி. மாட்டினால் படம் வந்தது, அதுதான் கொடுமை. பட்டனை அழுத்தி ஒரு கணம் கழித்துத்தான் மரியோ குதிக்கிறான், அதற்குள் குழியில் விழுந்துவிடுகிறான். பெரிய மரியோ எதிரி மேல் பட்டதும் சின்னதாகி மினுக் மினுக்கென்று மின்ன வேண்டும். இங்கே சீப்புப் பல் மாதிரி கோடு கோடாகக் கிழிந்து நிற்கிறான். காரணம் இதுதான்: இந்த கேம்கள் ஒவ்வொரு முறையும் 240 கோடுகள் கொண்ட முழுப்படத்தை அனுப்பும். மலிவுப் பெட்டி அதை 480 கோட்டுப் படத்தின் பாதி என்று நினைத்து, அடுத்தடுத்த இரண்டு படங்களைப் பின்னிவிடுகிறது. உண்மையான லைன் டபுளர் அப்படிச் செய்யாது, ஒவ்வொரு கோட்டையும் இரட்டிப்பாக்கும், அவ்வளவுதான்.

கேட்டதற்கு முதல் நாள், "டிவி செட்டிங் மாத்துங்ணா." அடுத்த நாள், "உங்க ஒயர் பழசுங்ணா." மூன்றாம் நாள், "கல்யாண வீட்ல இருக்கறனுங்க." அப்புறம் நீல டிக் மட்டும். பணத்தைத் திருப்பிக் கேட்டதும் பிளாக்.

எங்கள் தெரு டிவி ரிப்பேர் அண்ணன் பெட்டியின் மேலிருந்த ஸ்டிக்கரை நகத்தால் உரித்தார். அடியில் இன்னொரு ஸ்டிக்கர்: "ஏவி டூ எச்டிஎம்ஐ". "தம்பி, இது எந்தக் கடையிலயும் ஐந்நூறுக்குள்ள கிடைக்குமே" என்றார். நான் கொடுத்தது 4,800. பையனின் டியூஷன் பீசுக்கு எடுத்து வைத்திருந்த காசு அது.

எப்படி மாட்டுவது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போதைக்கு இவ்வளவுதான் முடிகிறது. முதலில் டிவிக்குப் பின்னால் "ஏவி" என்று எழுதிய சின்ன 3.5 மி.மீ. ஓட்டை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்த டிவிக்கு ஏற்ற ஒயர் போதும், பெட்டியே வேண்டாம். ஒரு முனையில் மூன்று பின், மறுமுனையில் எச்டிஎம்ஐ என்று வெறும் ஒயராக விற்பதைத் தொடாதீர்கள், உள்ளே சர்க்யூட் இல்லாமல் படம் வராது. விற்பவர் வீடியோ காலில் மாட்டிக் காட்டட்டும், பெரிய மரியோ அடிபடுவதைக் காட்டச் சொல்லுங்கள். முன்பணம் வேண்டாம். ஏமாந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள். நான் நாலு நாள் தாமதித்து இன்று காலைதான் செய்தேன்.