முகநூலா, வலைப்பூவா: பின்னூட்டங்கள் எங்கே நிலைக்கும்?

பங்கேற்புப் பண்பாட்டைப் (வெறும் நுகர்வோராக இல்லாமல் எல்லாரும் தாமும் படைத்துப் பகிர்வது) பற்றி 2006-இல் அமெரிக்க ஊடக ஆய்வாளர் ஹென்றி ஜென்கின்ஸ் குழுவினர் எழுதிய அறிக்கை சொல்லும் அடையாளங்களில் மூன்று: உள்ளே நுழையத் தடை குறைவு, தெரிந்தவர் புதியவருக்குச் சொல்லிக்கொடுப்பது, தன் பங்களிப்புக்கு மதிப்புண்டு என்று ஒவ்வொருவரும் நம்புவது. சமூக ஊடகத்தையும் வலைப்பூவையும் இந்த மூன்றையும் வைத்தே எடைபோடலாம்.

நுழைவதில் சமூக ஊடகம்தான் முன்னே. ஆட்கள் ஏற்கெனவே அங்கே இருக்கிறார்கள். கேள்வி போட்ட சில நிமிடங்களில் பதில் வந்துவிடும். வலைப்பூவை கூகுளின் இலவசத் தளமான பிளாகரில் அரை மணியில் தொடங்கிவிடலாம், வாசகரைச் சேர்ப்பதுதான் கடினம். பல தளங்களின் புதிய இடுகைகளை ஓரிடத்தில் திரட்டித் தந்த கூகுள் ரீடர் 2013-இல் மூடப்பட்டபின், அப்படி ஓடை (feed) வழியாகப் படிக்கும் பழக்கமும் தேய்ந்துவிட்டது.

சொல்லிக்கொடுப்பதில் நிலைமை தலைகீழ். முகநூல் குழுக்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருவதற்குக் கேட்பவரின் சோம்பல் காரணமல்ல. பழைய பதில் காலவரிசையில் கீழே போய்விடுகிறது. தனிக்குழு என்றால் தேடுபொறிக்கும் எட்டாது. எக்ஸ் (முன்பு ட்விட்டர்) தளத்தில் இலவசக் கணக்குக்கு 280 எழுத்து எல்லை வேறு. உயிர்மெய்க் குறிகளும் தனியே எண்ணப்படுவதால் ('கொ' இரண்டு எழுத்து) தமிழில் சுமார் 30 சொற்களே அடங்கும். வலைப்பூவில் யாராவது பிழையைச் சுட்டினால் கட்டுரையிலேயே "திருத்தம்" என்று தேதியோடும் அவர் பெயரோடும் சேர்த்து, அந்தப் பின்னூட்டத்துக்கே சுட்டி கொடுக்கலாம். தன் சொல்லுக்கு மதிப்பிருக்கிறது என்று வாசகர் உணர்வது அங்கேதான்.

வலைப்பூவில் சறுக்கும் இடங்களும் உண்டு. முழுத் தமிழ்த் தலைப்பு வைத்தால் பிளாகர் 'பிளாக்-போஸ்ட்' என்று பொத்தாம்பொதுவான முகவரியைத் தந்துவிடும். இன்னொரு வலைப்பூ மென்பொருளான வேர்ட்பிரஸ், முகவரியில் தமிழ் எழுத்து ஒவ்வொன்றையும் (உயிர்மெய்க் குறிகளையும் தனியே எண்ணி) ஒன்பது ரோமன் குறிகளாக மாற்றுகிறது. முகவரிக்கு எல்லை 200 குறிகள் என்பதால் ஏறக்குறைய 22 எழுத்தில் முகவரி அறுந்துபோகும். வெளியிடும் முன்பே ரோமன் எழுத்தில் குறுகிய முகவரியைக் கையால் இடுங்கள். பிறகு மாற்றினால் ஏற்கெனவே பகிரப்பட்ட சுட்டிகள் உடையலாம். குப்பைப் பின்னூட்டங்கள் பெரும்பாலும் யாரும் கவனிக்காத பழைய இடுகைகளில்தான் குவியும். எல்லாவற்றையும் மட்டுறுத்தினால், அதாவது நீங்கள் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே வெளியிட்டால், உரையாடல் செத்துவிடும். 14 நாள் கடந்த இடுகைகளுக்கு மட்டும் மட்டுறுத்தலை வைத்தால் போதும்.

எங்கள் தேர்வு: மூலம் வலைப்பூவில், பேச்சு சமூக ஊடகத்தில். முதலில் வலைப்பூவில் வெளியிட்டு, பிறகு கட்டுரையின் மையக் கருத்தை நான்கு வரியில் எழுதி, ஒரு கேள்வியோடு சுட்டியைப் பகிருங்கள். வெறும் சுட்டிக்கு விருப்பக்குறி விழும், பதில் வராது. வரும் நல்ல பதில்களை, எழுதியவரின் அனுமதி பெற்று, இரண்டொரு நாளில் கட்டுரையின் கீழே சேர்த்துவிடுங்கள். இதைத் தள்ளிப்போட்டால் இழையைத் தேடிப் பிடிப்பதே பெரும்பாடு.

ஏன் இத்தனை மெனக்கெடல்? இலவசத் தனிப்பக்கங்களைத் தந்த ஜியோசிட்டீஸ் 2009-இலும், கூகுளின் சமூக ஊடகமான கூகுள் பிளஸ் 2019-இலும் மூடப்பட்டன. எந்தத் தளமும் மூடப்படலாம், பிளாகர் உட்பட. அப்போது கையில் மிஞ்சுவது எது என்பதில்தான் பெரிய வேறுபாடு. முகநூலிலிருந்து தரவிறக்கினால் நீங்கள் எழுதியவை கிடைக்கும். உங்கள் பதிவின் கீழ் மற்றவர்கள் எழுதியவை கிடைக்காது. பிளாகர், வேர்ட்பிரஸ் இரண்டிலிருந்தும் தரவிறக்கும் எக்ஸ்எம்எல் (XML) காப்புக் கோப்பில் வாசகர் பின்னூட்டங்கள் முழுதாக வரும். படங்களுக்குச் சுட்டி மட்டுமே அதில் இருக்கும் என்பதால், அவற்றைத் தனிக் கோப்புறையில் சேமித்துக்கொள்ள வேண்டும்.