வீடு பார்க்கப் போகும்போது கையில் ஓர் ஈரமானி

வீடு வாங்கத் தேடுகிறவர்களிடம் ஆளுக்கொரு 'இது இருந்தால் வேண்டவே வேண்டாம்' உண்டு. சிலர் வெளிச்சம் வராத அறையைக் கண்டதும் திரும்பிவிடுவார்கள். சிலருக்குப் படிக்கட்டு செங்குத்தாக இருந்தால் போதும், மேற்கொண்டு பார்க்க மாட்டார்கள். எனக்கு ஓதம். சுவரில் ஈரம் ஊறி நிற்கும் வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும், விலையை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். என் இளைய மகனுக்கு இழுப்பு இருக்கிறது. ஈரமும் பூஞ்சணமும் உள்ள கட்டடங்களில் வசிப்பவர்களுக்கு மூச்சுத் தொல்லைகளும் ஆஸ்துமாவும் கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. அதனால் இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

ஆனால் ஓதத்தைக் கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. வீட்டைக் காட்டுவதற்கு முன் வண்ணம் அடிக்கிறார்கள், ஜன்னல்களைத் திறந்து வைக்கிறார்கள், அறைக்கு நறுமணம் தெளிக்கிறார்கள். விற்கிறவர் தன் வீட்டைப் பளிச்சென்று காட்ட நினைப்பது இயல்புதான். வாங்குகிறவருக்கோ அந்தப் புது வண்ணத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். அதற்காகத்தான் ஊசி வைத்த ஈரமானி ஒன்றை வாங்கினேன். இருப்பதிலேயே எளிய வகை. உள்ளங்கையில் அடங்கும், தலையில் இரண்டு கூர்மையான ஊசிகள், சின்னத் திரை, ஊசியை மூடி வைக்க ஒரு மூடி. அந்த மூடியிலேயே கருவியைச் சரிபார்க்கும் வசதியும் இருக்கிறது. ஊசிகளை மூடியில் உள்ள இரண்டு புள்ளிகளில் வைத்தால் குறிப்பிட்ட எண் வர வேண்டும். வந்தால் கருவி சரியாக வேலை செய்கிறது என்று பொருள். வீட்டுக்குள் நுழையும் முன் நான் செய்யும் முதல் வேலை இதுதான்.

கருவியின் தத்துவம் எளிது. ஒரு ஊசியிலிருந்து இன்னொரு ஊசிக்கு மிகச் சிறிய மின்சாரத்தை அனுப்பி, நடுவில் எவ்வளவு மின்தடை இருக்கிறது என்று பார்க்கிறது. ஈரம் கூடினால் தடை குறையும், திரையில் சதவீதமாகக் காட்டும் எண் ஏறும். இந்தச் சதவீதம் மரத்துக்காக அளவு செய்யப்பட்டது. ஆகவே கதவு நிலை, ஜன்னல் சட்டம், கூரை மரம் போன்றவற்றில் வரும் எண்ணை ஓரளவு அப்படியே நம்பலாம். 20 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து நின்றால் மரம் உளுத்துப்போகும் அபாயம் இருக்கிறது. பூச்சுச் சுவரில் கதை வேறு. அங்கே 25 என்று வந்தால் சுவரில் 25 சதவீதம் தண்ணீர் என்று அர்த்தமில்லை. அதே வீட்டில், அதே வகைச் சுவரில், நன்றாகக் காய்ந்த ஓரிடத்தில் என்ன வருகிறது, சந்தேகப்படும் இடத்தில் என்ன வருகிறது என்று ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும். இதைப் புரிந்துகொள்ளாமல் வாங்குகிறவர்கள் ஒன்று வீணாகப் பயப்படுவார்கள், இல்லையென்றால் வீணாக நிம்மதி அடைவார்கள்.

இந்தக் கருவி என் முடிவை மாற்றிய ஒரு வீட்டைச் சொல்ல வேண்டும். படுக்கையறைக் கூரையில் தட்டு அளவுக்குப் பழுப்புக் கறை. எங்களுக்கு முன் வந்தவர்கள் அதைப் பார்த்ததுமே கிளம்பிவிட்டார்கள் என்று அந்த வீட்டு அம்மாவே வருத்தத்தோடு சொன்னார். "மேலே குழாய் மாத்தியாச்சுங்க, கறை மட்டும் அப்படியே நின்னுடுச்சு" என்றார். அனுமதி கேட்டு, ஏணி வாங்கி, கறையின் நடுவில், ஓரத்தில், கறையே இல்லாத மூலையில் என்று வைத்துப் பார்த்தேன். எல்லா இடத்திலும் கிட்டத்தட்ட ஒரே எண். முந்தைய நாள்தான் நல்ல மழை பெய்திருந்தது, அப்படியும் ஏறவில்லை. அவர் சொன்னது உண்மை, அது காய்ந்துபோன பழைய கறை. தெரு இரைச்சல் காரணமாக அந்த வீட்டை நாங்கள் எடுக்கவில்லை. ஆனால் கறையைக் காட்டி அதை ஒதுக்கியிருந்தால் அநியாயமாக இருந்திருக்கும்.

இன்னொரு வீட்டில் நேர் எதிர். கூடம் முழுக்கப் பழைய வண்ணம், ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புத்தம்புது வண்ணம். ஒரு சுவருக்கு மட்டும் வண்ணம் அடித்திருந்தால் நான் அங்கேதான் முதலில் போவேன். அந்தச் சுவருக்கு மறுபுறம் குளியலறை, சரியாகக் குழாய் பதித்த இடம். தரையை ஒட்டி வைத்ததும் கருவி அலறியது. ஒரு சாண் மேலே, இன்னும் ஒரு சாண் மேலே என்று போனேன். குழாய் உயரம் வரை எண் குறையவில்லை, அதற்கு மேல் சட்டென்று விழுந்தது. எதிர்ச் சுவரில் அதே கருவி அமைதியாக இருந்தது. காட்ட வந்த தரகர் "புது பெயிண்ட், இன்னும் காயலை சார்" என்று என் கணவரிடம் சொன்னார். வண்ணத்தின் ஈரம் என்றால் சுவர் முழுக்க ஒரே மாதிரி அல்லவா இருக்க வேண்டும்? குழாயின் உயரத்தோடு நின்றுவிடாது. நாங்கள் நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

இப்படி எண்ணைவிட எண் விழும் விதம்தான் அதிகம் சொல்கிறது. தரையிலிருந்து ஏறும் ஓதம் என்றால் கீழே அதிகமாக இருந்து மேலே போகப் போகக் குறையும், பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். கூரைக் கசிவு மேலிருந்து கீழே இறங்கும். ஜன்னலின் கீழ் மூலைகளில் மட்டும் ஏறினால் சட்டத்துக்கும் சுவருக்கும் இடையே மழைநீர் புகுகிறது. அலமாரிக்குப் பின்னாலும் காற்று போகாத மூலையிலும் மேல்பரப்பில் மட்டும் ஈரம் காட்டினால் அது பெரும்பாலும் குளிர்ந்த சுவரில் காற்றின் ஈரம் படிவது. அதற்குச் சுவரை இடிக்க வேண்டியதில்லை, காற்றோட்டமே பெரும்பாலும் சரிசெய்துவிடும். எது பணத்தை விழுங்கும், எது ஜன்னலைத் திறந்தால் தீரும் என்று பிரித்துப் பார்க்க முடிவதுதான் இந்தக் கருவியை நான் இவ்வளவு மதிக்கக் காரணம்.

குறைகளும் இருக்கின்றன, சொல்லியே ஆக வேண்டும். உப்புப் பூத்த சுவரில் இதை நம்பக் கூடாது. உப்பும் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், காய்ந்த சுவர்கூட நனைந்தது போல எண் காட்டும். பூச்சின் முனைகளில் பதித்த உலோகப் பட்டை, உலோகத் தாள் வைத்த சுவர்க் காகிதம் (வால்பேப்பர்), இவையும் ஏமாற்றும். ஊசி தொடும் ஆழம்தான் அளக்கும் ஆழம், சுவரின் உள்ளே என்ன நடக்கிறது என்று இதற்குத் தெரியாது. நீண்ட கோடைக்குப் பிறகு பார்த்தால் கசியும் கூரைகூட நல்ல பிள்ளையாக இருக்கும். முடிந்தால் மழைக்கு மறுநாள் போங்கள். அப்புறம், ஊசி வைத்த இடத்தில் இரண்டு நுண்ணிய துளைகள் விழும். அது இன்னும் அவர்கள் வீடு. கேட்காமல் குத்தக் கூடாது. நான் கண்ணில் படாத இடமாகப் பார்த்து, காட்டிக் கேட்டு, பிறகுதான் வைப்பேன். பெரும்பாலானவர்கள் சரி என்கிறார்கள். மறுப்பவரை வற்புறுத்தக் கூடாது, எல்லோருக்கும் தன் வீட்டுச் சுவர்மேல் பாசம் உண்டு.

துளையே விழாத, சுவர்மேல் அப்படியே அழுத்திப் பார்க்கும் தட்டை வகையும் கிடைக்கிறது. அது பொதுவாக ஓரிரு சென்டிமீட்டர் ஆழம் வரை உணரும், பெரிய சுவரை விரைவாகத் தடவிப் பார்க்க வசதி. ஆனால் சொரசொரப்பான சுவரில் தடுமாறும், உள்ளே கம்பி இருந்தால் குழம்பும். இரண்டில் ஒன்றுதான் என்றால் நான் ஊசி வகையைத்தான் சொல்வேன். மரத்தில் அது தரும் எண்ணுக்கு ஒரு தெளிவு இருக்கிறது.

கருவி கையில் இருக்கிறது என்று மற்றதை விட்டுவிட முடியாது. செங்கல் இணைப்புகளைப் பின்பற்றிப் படிக்கட்டு போல ஏறும் விரிசல், ஒரு முனையில் குறுகி மறுமுனையில் அகலும் விரிசல், அதோடு சேர்ந்து இறுகிப்போன கதவுகள் என்றால் அடித்தளம் அசைந்திருக்கலாம், பொறியாளர் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. முடி அளவு விரிசல் அநேகமாகப் பூச்சு காய்ந்து சுருங்கியது. இரண்டு குழாய்களை ஒரே நேரத்தில் திறந்து தண்ணீர் வேகத்தைப் பாருங்கள். மாலையில் ஒரு முறை தெருவில் நின்று சத்தத்தைக் கேளுங்கள். "அந்த அறைச் சாவி இல்லை" என்றால் சாவி கிடைக்கும் நாளில் மறுபடி வருவதாகச் சொல்லுங்கள். பிடிக்காத சுவர் நிறத்துக்காகவும் பழைய ஓடுகளுக்காகவும் மட்டும் வீட்டை ஒதுக்க வேண்டாம், அவை மாற்றக் கூடியவை.

வாங்கலாமா என்றால், தீவிரமாக வீடு தேடுகிற யாரும் வாங்கலாம். விலை உயர்ந்த வகை தேவையில்லை. சரிபார்க்கும் மூடியும், மாற்றக் கூடிய ஊசிகளும், எண்ணை நிறுத்தி வைக்கும் பொத்தானும் இருந்தால் போதும். உயரத்தில் வைத்துப் பார்க்கும்போது திரை கண்ணுக்குத் தெரியாது, அந்தப் பொத்தான் இல்லாமல் முடியாது. கட்டமைப்புக்கும் கையாளும் வசதிக்கும் ஐந்துக்கு ஐந்து தருவேன். கூட வரும் கையேட்டுக்கு இரண்டுதான். நாலு பக்கமும் மரத்தைப் பற்றியே பேசுகிறது. பூச்சுச் சுவரில் ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும், உப்பு ஏமாற்றும் என்று இரண்டு வரி அச்சடித்திருந்தால், இதைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போகிறவர்களுக்கு எவ்வளவோ உதவியாக இருந்திருக்கும்.