டிரைவரைப் பார்த்து ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்குங்கள்: ஐந்து வருட அனுபவம்

அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயதானபோதுதான், அவர் பாடும் தாலாட்டுகளையும் நலங்குப் பாட்டுகளையும் பதிவு செய்து வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. இன்னும் முன்பே தோன்றியிருக்க வேண்டும். கைவசம் பழைய ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று இருந்தது. மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி அது. எந்தக் கம்பெனி என்று சொல்லவில்லை. பெட்டியில் ஒரு குறையும் கிடையாது. ஆனால் அதைச் செய்தவர்கள் அந்த மாடலின் டிரைவரை, அதாவது பெட்டியை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருளை, புதுப்பிப்பதை நிறுத்திப் பல வருடம் ஆகியிருந்தது. விண்டோஸ் ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா நாற்பது நிமிடம் பாடினார். போட்டுக் கேட்டால், நொடிக்கொரு முறை டப் டப் என்று வெட்டு. எதுவும் மிஞ்சவில்லை.

அன்று பாடியதில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது பாடும் பாட்டு ஒன்று இருந்தது. அம்மாவின் அத்தை சொல்லிக்கொடுத்தது. மறுநாள் திரும்பப் பாடச் சொன்னேன். “நடுவுல ரெண்டு அடி வாயில வரலடா” என்றார். அந்த இரண்டு அடி இன்றுவரை வரவில்லை.

அதனால் ஒரு இன்டர்ஃபேஸ் நம்பகமானதா என்று யாராவது கேட்டால், மைக்கின் மெல்லிய ஒலியைப் பெருக்கும் ப்ரீஆம்பைப் பற்றி நான் பேசுவது கடைசியில்தான். முதலில் டிரைவர். விண்டோஸில் குறைந்த தாமதத்தோடு பதிவு செய்ய ஏசியோ டிரைவர் வேண்டும். ஏசியோ என்பது ஸ்டெயின்பெர்க் நிறுவனம் வகுத்த முறை. ஒவ்வொரு கருவிக்கும் அந்த டிரைவரை எழுதித் தர வேண்டியது அதைத் தயாரித்தவர்கள். அவர்கள் கைவிட்டால், நல்ல பெட்டியும் பரணுக்குத்தான் போகும். ஏசியோஃபார்ஆல் என்று இலவசமாக ஒன்று கிடைக்கிறது. விண்டோஸின் சொந்த டிரைவர் மேல் உட்கார்ந்து ஏசியோ போல நடந்துகொள்ளும். அவசரத்துக்கு உதவும், அதையே நம்பி வருடக்கணக்கில் ஓட்ட முடியாது.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். கிளாஸ் கம்ப்ளையன்ட் வகைக் கருவிகள் மேக்கிலும் லினக்ஸிலும் தனி டிரைவர் இல்லாமலே ஓடும். தயாரிப்பாளர் நாளை கடையை மூடினாலும் பெட்டிக்கு ஆயுள் இருக்கும். அடுத்ததை வாங்குமுன் ஒரு வாரம் உட்கார்ந்து, ஒவ்வொரு கம்பெனியின் டிரைவர் இறக்கும் பக்கத்தையும் பார்த்தேன். கடைசி டிரைவர் எந்தத் தேதியில் வந்தது, பழைய மாடல்களுக்கு இன்னும் தருகிறார்களா என்று குறித்துக்கொண்டேன். இதில் ஆர்.எம்.இ.க்குப் பெரிய பெயர் உண்டு, விலை எனக்கு எட்டவில்லை. மோட்டு எம்2, ஆடியன்ட் ஐடி4 இரண்டையும் யோசித்தேன். கடைசியில் 2020-ல் ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 வாங்கினேன். 2019-ல் வந்த மூன்றாம் தலைமுறை மாடல்.

ஐந்து வருடம் ஆகிவிட்டது. லேப்டாப் ஒன்று மாறியது, விண்டோஸ் 10 போய் 11 வந்தது, பெட்டி அதேதான். தனியாக அடாப்டர் வேண்டாம், யூ.எஸ்.பி. மின்சாரமே போதும். மைக் ஒலியை எவ்வளவு பெருக்குவது என்று வைக்கும் கெய்ன் திருகைச் சுற்றி எரியும் வளையம் பச்சையாக இருந்தால் சரி, சிவந்தால் குரல் உடைகிறது என்று அம்மாவுக்கே தெரியும். மைக் ஆடியோ டெக்னிகா ஏடி2020. கண்டென்ஸர் என்பதால் 48 வோல்ட் பொத்தானை அழுத்தினால்தான் உயிர் வரும். அம்மாவின் குரல் மெல்லியது. மைக்கை ஒரு சாண் தூரத்தில் வைத்து, உச்சக் குரலே மைனஸ் 12 டெசிபலைத் (டி.பி.) தாண்டாதபடி கெய்ன் வைக்கிறேன். 24 பிட்டில் பதியும்போது இவ்வளவு இடம் விட்டாலும் தரம் குறையாது. இந்தப் பெட்டியின் கெய்ன் 56 டி.பி. வரை. கண்டென்ஸருக்குத் தாராளம். ஷூர் எஸ்எம்7பி போன்ற, இந்த 48 வோல்ட் தேவைப்படாத டைனமிக் மைக்குக்கு இன்னும் வேண்டும். 2023-ல் வந்த நான்காம் தலைமுறை 2ஐ2 69 டி.பி. தருகிறது. டைனமிக் மைக் வைத்திருப்பவர்கள் அதையே பாருங்கள்.

முதல் நாள் ஹெட்ஃபோனை மாட்டியதும் அம்மா, “என்னடா, என் குரலு எனக்கே ரெண்டாக் கேக்குது” என்றார். கம்ப்யூட்டர் ஒலியைச் சேர்த்துவைத்து ஒரு தடவைக்கு எடுக்கும் அளவான பஃபர், 1024 சாம்பிளில் இருந்தது. 48 கிலோஹெர்ட்ஸில் அது 21 மில்லிசெகண்ட். குரல் கம்ப்யூட்டருக்குள் போய்த் திரும்பி வர 42-க்கு மேல் ஆகிவிடும். பாடுகிறவருக்கு அது எதிரொலி. பஃபரை 128 ஆக்கினால் ஒருவழிக்கு 2.7 மில்லிசெகண்டுதான், ஆனால் லேப்டாப் திணறலாம். நான் பஃபரைத் தொடவில்லை. டைரக்ட் மானிட்டர் பொத்தானை அழுத்தி, மென்பொருளில் அந்த டிராக்கின் மானிட்டரை அணைத்தேன். குரல் கம்ப்யூட்டருக்குப் போகாமல் பெட்டியிலிருந்தே நேராகக் காதுக்கு வந்துவிடும். அம்மா தலையை ஆட்டிக்கொண்டு பாட ஆரம்பித்தார்.

அப்புறம் அந்த “ம்ம்ம்” இரைச்சல். கேபிள் மாற்றினேன், மைக் மாற்றினேன், போகவில்லை. சார்ஜரைப் பிடுங்கியதும் நின்றது. எலக்ட்ரீஷியன் வந்து பிளக் பாயின்ட்டைக் கழற்றிப் பார்த்தால், மூன்றாவது துளைக்குப் பின்னால் எர்த் ஒயரே இல்லை. எத்தனை வீடுகளில் இப்படி இருக்கிறதோ! வெறும் இரைச்சல் என்று விட்டுவிடாதீர்கள், எர்த் இல்லாதது உயிருக்கே ஆபத்து. ஒயர் இழுத்த பிறகும் பதிவின்போது பேட்டரியில்தான் ஓட்டுகிறேன். மின்விசிறியை நிறுத்திவிட்டு, அம்மாவின் பின்னால் ஜமக்காளம் இரண்டைத் தொங்கவிடுவேன். குரல் தெளிவுக்கு அந்த ஜமக்காளம் செய்த உதவியை ஒலியைத் திருத்தும் எந்த பிளகின்னும் செய்யவில்லை.

பதிவு செய்யும் மென்பொருள் ரீப்பர். வின்ஆம்ப் செய்த ஜஸ்டின் ஃபிராங்கலின் காக்கோஸ் நிறுவனம் தருவது. 60 நாள் எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் பயன்படுத்திப் பார்க்கலாம். சொந்த உபயோகத்துக்கான உரிமம் 60 டாலர். நான் வாங்கியபோது 6-வது பதிப்பு. 2023-ல் 7 வந்தது, அதே உரிமம் அதற்கும் செல்லுபடியானது. முதல் பார்வையில் மிரட்டும், மெனுக்கள் ஏராளம். இரண்டு வாரம் பொறுத்தால் பழகிவிடும்.

எனக்கு அதில் பெரிதாகப் பட்டது வேறு. ப்ராஜெக்ட் கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு, நோட்பேடில் திறந்து படிக்கலாம். ஒலி தனியாக வேவ் கோப்பாக டிஸ்கில் எழுதப்பட்டுக்கொண்டே இருக்கும். ஒருமுறை பேட்டரி தீர்ந்து நடுப்பாட்டில் லேப்டாப் அணைந்தது. திரும்பப் போட்டபோது அதுவரை பாடியது முழுக்க இருந்தது. எந்த மென்பொருளும் நிரந்தரம் இல்லை. பலர் பல வருடம் நம்பிய கேக்வாக் சோனாரின் வளர்ச்சியை 2017-ல் கிப்சன் நிறுவனம் நிறுத்தியது. மறு வருடம் பேண்ட்லேப் வாங்கி உயிர் கொடுத்தது, ஆனால் எப்போதும் அப்படி யாராவது வருவார்களா? வேவ் கோப்பை எதிலும் திறக்கலாம். வெட்டி ஒட்டும் வேலை மட்டும் என்றால் ஆடாசிட்டியே போதும். மேக் வைத்திருப்பவர்கள் கராஜ்பேண்டில் தொடங்கலாம்.

48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் ஒரு மணி நேர மோனோ பதிவு சுமார் 520 எம்.பி. வரும். பாட்டு முடிந்ததும் இரண்டு ஹார்ட் டிஸ்க்கிலும் நகல் எடுத்துவிடுவேன். அம்மா ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துக் காபியைக் குடித்து முடிப்பதற்குள் இரண்டும் ஏறிவிடும். எண்ணெய்ப் பாட்டும் அதில் இருக்கிறது, அந்த இரண்டு அடி இல்லாமல்.