பீளமேட்டில் தொடங்கும் கணக்கு: ஒரு விமானத் தூரச் செயலியின் மதிப்புரை

இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தால் அவற்றுக்கு இடையிலான தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் சொல்லும் இலவசச் செயலிகள் பல உள்ளன. உதகையில் பயண ஏற்பாட்டுத் தொழிலில் இருப்பவர்கள் கைப்பேசியில் வைத்திருக்கும் அத்தகைய செயலி ஒன்றைப் பற்றியது இந்த மதிப்புரை.

கோவை, சென்னை என்று உள்ளிட்டால் சுமார் 404 கிலோமீட்டர், 251 மைல், 218 கடல் மைல் என மூன்று அளவுகளிலும் விடை உடனே வந்துவிடுகிறது. புவியின் வளைவைக் கணக்கில் கொண்டு இரு இடங்களுக்கு இடையிலான மிகக் குறுகிய தூரத்தை அளக்கும் முறை இது. அட்சரேகை, தீர்க்கரேகைகளை வைத்துத் தாளில் போட்டுப் பார்த்தாலும் இதே எண்தான் கிடைக்கிறது என்பதால், தூரத்தில் குறை சொல்வதற்கில்லை. நேரக் கணக்கு அப்படியல்ல. மணிக்கு 800 கிலோமீட்டர் வேகம் என்று வைத்து வகுத்து, ஏறவும் இறங்கவும் அரை மணி நேரம் கூட்டி, ஒரு மணி நேரம் என்று அது சொல்கிறது. விமானம் ஓடுபாதை வரை ஊர்ந்து செல்வதும், தரையிறங்க முறை வரும்வரை காத்திருப்பதும் அதில் சேராததால், விமான நிறுவனங்களின் கால அட்டவணையில் எப்போதும் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். மணிக்கு 500 கிலோமீட்டர் அளவில் பறக்கும் ஏடிஆர் 72 ரக விமானத்துக்கும் செயலி அதே 800ஐத்தான் போடுகிறது.

பெரிய குறை வேறொன்று. கோவையிலிருந்து மதுரைக்குச் சுமார் 175 கிலோமீட்டர், 43 நிமிடம் என்று காட்டி, வரைபடத்தில் அழகாக ஒரு கோடும் இழுத்துவிடுகிறது. அந்த வழித்தடத்தில் நேரடி விமானம் இல்லை என்பதைத் திரையில் எங்கும் சொல்வதில்லை. சென்னை போய் மாறினால் 404உம் 418உம் சேர்ந்து 822 கிலோமீட்டர் பறக்க வேண்டும். அதைவிடப் பழனி, திண்டுக்கல் வழியாகப் பேருந்தில் போய்விடுவது மேல்.

மலையில் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ‘அருகிலுள்ள விமான நிலையம்’ என்ற வசதியில் உதகையைத் தேர்ந்தெடுத்தால் கோவை 57 கிலோமீட்டர் என்று வருகிறது. காக்கைக்கு வேண்டுமானால் அது பொருந்தும். குன்னூர், பர்லியார், மேட்டுப்பாளையம் என்று இறங்கி, கோவை விமான நிலையம் இருக்கும் பீளமேடு போய்ச் சேர ஏறத்தாழ 90 கிலோமீட்டர் ஆகும். கோடை சீசனில் மலையேறும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும் இறங்குபவற்றைக் கோத்தகிரி வழியாகவும் திருப்பிவிடும் நாட்களில், விமானத்தில் உட்கார்ந்திருக்கும் நேரத்தைப் போல் மூன்று மடங்கு நேரம் காரிலேயே கழிந்துவிடும். மழையில் மரம் விழுந்தால் அந்தக் கணக்கும் நிற்காது.

கூடலூர் என்று உள்ளிட்டவர்களுக்கு மட்டும் செயலி உண்மையிலேயே உதவுகிறது. கோவை 79 கிலோமீட்டர், கோழிக்கோடு 72 கிலோமீட்டர் என்று சிறிய வித்தியாசத்தையே அது காட்டினாலும், நாடுகாணி வழியாக இறங்கி நிலம்பூர், மஞ்சேரி கடந்து, கோழிக்கோடு விமான நிலையம் இருக்கும் கரிப்பூர் போவது, உதகை ஏறிப் பிறகு கோவைக்கு இறங்குவதைவிடச் சாலையில் வெகுவாகக் குறைவு. சென்னைக்குப் போகிறவர்கள் கரிப்பூரிலிருந்து வசதியான நேரத்தில் விமானம் உண்டா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வளைகுடா நாடுகளுக்குப் போகிறவர்கள் அங்கிருந்தே பறக்கப் பயணச்சீட்டு எடுக்கலாம்.