வரலாறு, தொல்லியல், அரசியல் அறிவியல்: எந்தப் பட்டம் யாருக்கு?

பள்ளியில் வரலாறு பிடித்துப்போன மாணவர் பல்கலைக்கழக விண்ணப்பத்தை நிரப்ப உட்காரும்போது, வரலாறு, தொல்லியல், அரசியல் அறிவியல் என்ற மூன்று பட்டங்கள் அடுத்தடுத்துக் கண்ணில் படும். மூன்றிலும் பேரரசு, போர், சமூகம் என்ற சொற்கள் வருவதால் எதை எடுத்தாலும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று தோன்றும். படிக்க ஆரம்பித்த பிறகுதான் வித்தியாசம் உறைக்கும். எந்த நூற்றாண்டைப் பற்றிய பாடம் என்பதைவிட, எந்த மாதிரியான சான்றோடு மூன்று நான்கு வருடம் மல்லுக்கட்டப் போகிறோம் என்பதை வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். வரலாற்று மாணவருக்கு எழுத்து, தொல்லியல் மாணவருக்கு மண்ணும் பொருளும், அரசியல் அறிவியல் மாணவருக்குக் கோட்பாடும் தரவும்.

முதலில் வரலாறு. பள்ளியில் விடை பாடநூலில் இருக்கும். பல்கலைக்கழகத்தில் அந்தப் பாடநூல் யாருடைய ஆவணங்களை நம்பி எழுதப்பட்டது என்பதே கேள்வியாகிவிடும். 19ஆம் நூற்றாண்டில் பெர்லின் பல்கலைக்கழகத்தில் லியோபோல்ட் ஃபான் ரான்கே நடத்திய செமினார் வகுப்புகளில் இந்தப் பயிற்சி வேர்பிடித்தது. மூல ஆவணத்தை முன்னால் வைத்து, இதை எழுதியவர் யார், யாருக்காக எழுதினார், அவருக்கு இது எப்படித் தெரியும் என்று விடாமல் கேட்கும் முறை அது.

அந்தக் கேள்விகளுக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதற்கு அதைவிடப் பழைய எடுத்துக்காட்டு இருக்கிறது. ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் 4ஆம் நூற்றாண்டில் தன் பேரரசின் மேற்குப் பகுதியைப் போப்பாண்டவருக்குத் தானமாகக் கொடுத்ததாக ஒரு பத்திரம் இருந்தது. பல நூற்றாண்டுகள் அது உண்மை என்றே எடுத்துக்கொள்ளப்பட்டது. 1440இல் லொரென்சோ வல்லா என்ற இத்தாலிய அறிஞர் அதன் லத்தீனை வரி வரியாகப் படித்தார். கான்ஸ்டன்டைன் காலத்து ரோமில் வழங்காத சொற்கள் அதில் இருந்தன. ரோம அதிகாரிகளைச் சொல்லும் இடத்தில் பாரசீக ஆளுநர்களுக்கு உரிய பட்டப்பெயர் வந்திருந்தது. பத்திரம் பிற்காலப் போலி என்று அவர் காட்டியதற்கு மொழியறிவும் சந்தேகமும் போதுமானவையாக இருந்தன. வரலாற்றுப் பட்டம் நன்றாக நடக்கும் இடத்தில் மாணவர் கற்றுக்கொள்வது இதைத்தான்.

இன்னொரு பாதி, வரலாற்றாசிரியர்களோடு வாதாடுவது. முதல் உலகப் போருக்கு யார் காரணம் என்று கேட்டால் பள்ளியில் நான்கைந்து காரணங்களை எழுதி மதிப்பெண் வாங்கிவிடலாம். 1961இல் ஃபிரிட்ஸ் ஃபிஷர் என்ற ஜெர்மானிய வரலாற்றாசிரியரே பெரும் பொறுப்பைத் தன் நாட்டின் தலைமைமீது வைத்தபோது ஜெர்மனியில் எழுந்த சண்டை லேசில் அடங்கவில்லை. எந்த ஆவணத்தை அவர் முன்னிறுத்தினார், எதிர்த்தவர்கள் எதைக் காட்டினார்கள் என்று இரண்டு பக்கத்தையும் படித்துவிட்டுத் தன் கட்சியை எழுத வேண்டும். வாசிப்பு ஏராளம். வாரா வாரம் புத்தகங்களும் கட்டுரைகளும் குவியும். தனியாக உட்கார்ந்து நீண்ட நேரம் படிப்பது சுமையாகத் தெரிகிறவருக்கு இந்தப் பட்டம் வேதனையாகிவிடும். இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை.

சரி, தொல்லியலுக்கு வருவோம். மனித இனம் வாழ்ந்த காலத்தில் எழுத்து இருந்த பகுதி மிகச் சிறியது. எழுத்து வந்த பிறகும் எழுதத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்ற எல்லோரையும் பற்றி அறிய வேண்டுமானால் அவர்கள் விட்டுச்சென்ற பானை ஓடு, எலும்பு, சாம்பல், சுவர் ஆகியவற்றிடம்தான் போக வேண்டும். மண்ணடுக்குகளைப் பிரித்தறிவது, வரைபடம் எடுப்பது, கிடைத்ததைக் கழுவி எண்ணிட்டு வகைப்படுத்துவது என்று படிப்பின் பெரும்பகுதி கையால் செய்யும் வேலை. அறிவியலும் வேண்டும். 1940களின் இறுதியில் வில்லார்ட் லிப்பி உருவாக்கிய கரிமக் காலக்கணிப்பு எலும்பு, கரி போன்றவற்றின் வயதைக் கணக்கிடும் முறை; அது கார்பன்-14 என்ற கதிரியக்கக் கரிமத்தின் அரை ஆயுளை, அதாவது அதில் பாதி சிதைய ஆகும் சுமார் 5,730 ஆண்டுகளை, அடிப்படையாகக் கொண்டது. ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு மேல் அது பயன்படாது. தருவதும் ஒரே ஆண்டை அல்ல, ஒரு கால வீச்சைத்தான். அதைப் புரிந்துகொள்ள வேதியியலும் புள்ளியியலும் ஓரளவு தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டு துறைகளும் எங்கே பிரிகின்றன என்பதைச் சிந்துவெளியும் கெய்ரோவும் காட்டும். சிந்துவெளி நகரங்களில் செங்கல் 1:2:4 என்ற அளவு விகிதத்தில் இருந்ததும், கழிவுநீர்க் கால்வாய்கள் ஓடிய விதமும் நமக்குத் தெரியும். ஆனால் எழுத்து இன்னும் படிக்கப்படாததால் அங்கே வாழ்ந்த ஒருவர் பெயரைக்கூட உறுதியாகச் சொல்ல முடியாது. கெய்ரோவின் பழைய யூதத் தொழுகைக் கூடம் ஒன்றின் சேமிப்பறையிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெருந்தொகையாக வெளிவந்த காகிதங்களின் கதை வேறு. அவற்றிலிருந்து, துனிசியாவிலிருந்து வந்து 12ஆம் நூற்றாண்டில் மங்களூரில் வணிகம் செய்த ஆபிரகாம் பென் யிஜுவின் பெயர், சரக்கு, கணக்கு, உறவினர் விவகாரம் எல்லாம் தெரிகின்றன. ஒரு நகரம் எப்படி இயங்கியது என்று அறிய ஆசையா, ஒரு மனிதரின் குரலைக் கேட்க ஆசையா? இந்தக் கேள்விக்கு உள்ளுக்குள் வரும் பதில் நிறையவே தீர்மானித்துவிடும்.

அதற்காக வரலாற்றாசிரியரின் கண் எல்லாவற்றையும் பிடித்துவிடும் என்றில்லை. 1983இல் ஹிட்லரின் நாட்குறிப்புகள் கிடைத்துவிட்டதாக ஒரு ஜெர்மன் பத்திரிகை அறிவித்தபோது, ஹியூ ட்ரெவர்-ரோப்பர் போன்ற பெரிய வரலாற்றாசிரியரே முதலில் அவை உண்மையென்று ஏற்றார். தாளும் மையும் போருக்குப் பிந்தியவை என்று ஆய்வகச் சோதனைதான் உடைத்துச் சொன்னது. பொருளை ஆராயும் அறிவு வரலாற்று மாணவருக்கும் கொஞ்சமாவது வேண்டும் என்று நான் நினைப்பது இதனால்தான்.

அரசியல் அறிவியலின் மனப்போக்கே வேறு. வரலாறு ஒரு புரட்சி ஏன் அந்த ஊரில், அந்த ஆண்டில் வந்தது என்று கேட்கும். அரசியல் அறிவியல், பொதுவாகப் புரட்சிகள் எந்தச் சூழலில் வருகின்றன என்று கேட்கும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1963இல் ஜே. டேவிட் சிங்கர் தொடங்கிய போர்த் தரவுத் திட்டம் நல்ல உதாரணம். 1816 முதல் நடந்த போர்களை, சண்டையில் குறைந்தது 1,000 பேர் இறந்திருக்க வேண்டும் என்ற வரையறையோடு அது தொகுத்தது. வரலாற்று மாணவருக்கு உடனே கை துறுதுறுக்கும்: 900 பேர் இறந்தது போர் இல்லையா? அந்த எண்ணிக்கையை எழுதி வைத்தவர் யார், அவருக்குக் குறைத்துச் சொல்லக் காரணம் இருந்ததா? அரசியல் அறிவியல் மாணவரின் பதிலும் நியாயமானது. எங்காவது கோடு போட்டால்தான் ஒப்பிட முடியும், ஒப்பிட்டால்தான் ஒரே ஒரு போரைப் பார்த்துவிட்டுப் பொதுவிதி பேசும் ஆபத்து குறையும். இந்த இருவரில் யார் பேசும்போது மனம் தலையாட்டுகிறதோ, அந்தத் துறைக்குப் போகலாம்.

வேலை என்று வந்தால் பூசி மெழுகாமல் பேசுவோம். புள்ளியியல், கருத்துக்கணிப்பு, தரவு அலசல் தெரிந்த அரசியல் அறிவியல் பட்டதாரியின் திறமை, வேலை தருகிறவருக்குச் சட்டென்று புரியும். இந்த இடத்தில் அது மற்ற இரண்டையும் முந்துகிறது. தொல்லியலுக்கு நேரடித் தொழில் உண்டு. பல நாடுகளில் சாலையோ கட்டடமோ எழும் முன் நிலத்தை ஆய்வு செய்யச் சட்டம் கேட்கிறது. ஆனால் அந்த வேலை பெரும்பாலும் குறுகிய கால ஒப்பந்தம், வெயிலிலும் மழையிலும் மண்டியிட்டுச் செய்வது. வரலாற்றுக்கு அப்படிப் பெயர் சொல்லும் தொழில் இல்லை. ஆசிரியப் பணி, ஆவணக்காப்பகம், அருங்காட்சியகம் ஆகியவற்றைத் தாண்டி, சட்டம், இதழியல், அரசுப் பணி என்று பலரும் பிரிந்து போகிறார்கள். ஒன்றுக்கொன்று முரண்படும் சாட்சியங்களை எடைபோட்டுத் தெளிவாக எழுதும் பழக்கம் அங்கெல்லாம் பயன்படும். ஆனால் அதை வேலை தருகிறவருக்கு மாணவர்தான் எடுத்துச் சொல்லியாக வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு, வாசிப்பில் ருசி உள்ளவர் என்னைக் கேட்டால் வரலாற்றையே எடுக்கச் சொல்வேன். ஒரே நிபந்தனை, சான்றின் மொழியையும் சேர்த்துக் கற்க வேண்டும். இடைக்கால ஐரோப்பாவுக்கு லத்தீன், முகலாயர் அரசவைக்குப் பாரசீகம். அது இல்லாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் கொடுத்த அளவுக்குத்தான் பார்க்க முடியும், வல்லா செய்ததைச் செய்யவே முடியாது. அப்புறம், பாடத்திட்டத்தில் இரண்டு விஷயங்களைத் தேடுங்கள்: முதல் ஆண்டிலேயே மூல ஆவணங்களைக் கையில் கொடுக்கிறார்களா, கடைசி ஆண்டில் சொந்தமாக ஓர் ஆய்வேடு எழுத வைக்கிறார்களா. இரண்டும் இல்லாத பட்டம் பள்ளி வரலாற்றின் நீட்சிதான்.

வரலாறும் தொல்லியலும், அல்லது வரலாறும் அரசியல் அறிவியலும் சேர்ந்த இணைப் பட்டங்களும் உண்டு. மனம் இரண்டு பக்கமும் இழுத்தால் தாராளமாக எடுக்கலாம். ஆனால் அவற்றில் அகழாய்வுப் பயிற்சியோ புள்ளியியல் தாளோ விருப்பப் பாடமாகச் சுருங்கிவிடுவதுண்டு. எவை கட்டாயம், ஆய்வேட்டை எந்தத் துறை மேற்பார்க்கும் என்பதைச் சேரும் முன்பே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.